வாக்குரிமை மட்டும் போதுமா?

செங்கலடி பிரதேசத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறல் நடப்பதாகக் கூறி, பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் ஆரம்பித்தனர். அதற்கு ஆதரவளித்துவிட்டுத் திரும்பிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் நவம்பரில் கைதானார்கள். அரசியலமைப்போ அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரையில் உறுதி செய்கிறது.

அப்படியானால் ஜனநாயகம் தனிமனித உரிமையைக் காக்கிறதா? தேர்தல் பெரும்பான்மையின் விருப்பத்தையே சொல்லும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியதும் தெரிவுசெய்யப்பட்ட பாராளுமன்றமே. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நிறைவேற்றியதும் அதுவே. குற்றச்சாட்டின்றி 18 மாதம் வரை தடுத்துவைக்க இடமளித்த அச்சட்டத்தில், 2022இல்தான் அந்தக் காலம் 12 மாதமாகக் குறைந்தது.

இங்கு இரண்டு தடைகள் உண்டு. 15ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பெயரால் உரிமைகளை மட்டுப்படுத்த அனுமதிக்கிறது. 80(3) இன்படி, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடித்தன்மையை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும்.

எஞ்சும் வழி 126ஆம் உறுப்புரை. அரச நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். மாடு மேய்ப்பவருக்கு அந்த ஒரு மாதம் மிகக் குறுகியது. எனவே, நடந்ததை அன்றே திகதியிட்டு எழுதிவைத்து, சட்டத்தரணியை உடன் அணுகுவதே அவரது முதல் பாதுகாப்பு.