இமயமலை கன்னியாகுமரி நேருக்கு வந்த கதை

ஓசூர்ல நுரை பொங்கினா செய்தியில வருமே, அந்தக் கெலவரப்பள்ளி அணைக்கு வர்றது தென்பெண்ணை. நந்தி மலையில பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் பக்கம் வங்கக் கடல்ல சேருது. ஆனா அந்த ஆழ்கடல் தரையில நம்ம மண்ணோட பங்கு ரொம்பக் குறைவு. கிருஷ்ணகிரிப் பாறைகள் சுமார் 250 கோடி வருஷப் பழசு. இங்கே புதுசா மலை எழும்பல.

வடக்கே கதை வேற. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்திய நிலத்தட்டு ஆசியாவோட மோதிச்சு. அதுல எழுந்த இமயம் இன்னும் உயருது, பருவமழை அதை அரிக்குது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமக்குது. அப்படிச் சேர்ந்த மண்தான் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, விசிறி மாதிரி கடலடியில விரிஞ்சு கிடக்கு. இதுதான் வங்க விசிறி, உலகத்திலேயே பெருசு. பனியுகத்துல கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கினப்போ, ஆறுகள் மண்ணை நேரா ஆழ்கடலுக்கே அனுப்பின.

2015-ல ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 8 டிகிரி வடக்குல, கிட்டத்தட்ட கன்னியாகுமரிக்கு நேரா, கடலடியைத் துளைச்சுது. வந்தது இமய மண். மலை தேய்ஞ்ச வேகம், மழை மாறின காலம், புல்வெளி பரவின காலம், எல்லாம் அதுல அடுக்கடுக்கா இருக்கு. மலையில அழிஞ்ச வரலாறு கடலடியில மிச்சம்.

நம்ம ஆத்து வண்டலோ பெரும்பாலும் அணையிலேயே தங்கிடுது. ஓசூர் ஆலைகள் காலத்தோட வரலாற்றை நாளைக்கு யாராவது தேடினா, கடல்ல இல்ல, கெலவரப்பள்ளி சேத்துலதான் தோண்டணும்.