மரக்காலும் சட்டமும்

ஒரு மரக்கால் நெல் என்றால் எவ்வளவு? தஞ்சைத் தரணியில் பிறந்தவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். நான்கு படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. மூட்டை ஏறக்குறைய 60 கிலோகிராம் எடை. ஆகவே ஒரு மரக்கால் நெல் சுமார் இரண்டரைக் கிலோகிராம். கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் இயற்பியல் படித்தவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும்.

உள்விட்டம் 20 செ.மீ., உயரம் 13.4 செ.மீ. உள்ள உருளை வடிவ மரக்கால் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4.2 லிட்டர். உயரத்தை மாற்றாமல் உள்விட்டத்தை மட்டும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து இன்னொரு மரக்கால் செய்தால் என்ன ஆகும்? கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 361-ஐ 400-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய பத்து விழுக்காடு போய்விடும். ஒரு கலம் அளந்தால் ஒரு மரக்காலுக்கு மேல் குறையும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றிக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நெல்லைக் குவித்தால் அது சுமார் 35 பாகை சரிவில் கூம்பாக நிற்கும். நம் 20 செ.மீ. மரக்காலின் மேல் நிற்கும் கூம்பின் உயரம் 7 செ.மீ.; அதன் பருமன் 730 கன செ.மீ.க்குச் சற்று அதிகம். அதாவது தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் 17 விழுக்காடு வேறுபாடு! வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலைதட்டி அளப்பவருக்குக் களவு செய்ய வேண்டிய தேவையே இல்லை.

கூலியை நெல்லாக வாங்கிய மக்களுக்கு இது வெறும் வடிவகணிதமாக இருக்கவில்லை. அடுப்பில் ஏறும் உலையின் கணக்கே இதுதான்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறை வேரூன்றியிருந்தது. மிராசுதாரின் நிலத்தில் ஒரு குடும்பமே கட்டுண்டு உழைக்கும். குடிசை போட்டுக்கொண்ட மனையும் அவருடையது. வாங்கிய கடனும் அவரிடம். இவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட வகுப்பினர். எனவே வேலை தருபவரே நீதிபதியாகவும் இருந்தார். அபராதம், சவுக்கடி, சாணிப்பால் புகட்டுதல் ஆகியவை தண்டனைகள்.

1937-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நீடாமங்கலத்தில் தென் தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. எல்லோருக்கும் பொதுவாகச் சமபந்தி உணவு என்று அறிவிப்பு. அதை நம்பிப் பண்ணை வேலையாட்கள் சிலரும் பந்தியில் அமர்ந்தார்கள். அந்தக் ‘குற்றத்துக்காக’ அவர்கள் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டார்கள். ‘விடுதலை’ நாளேடு இச்செய்தியை வெளியிட்டது. அதற்காக அந்த ஏட்டின்மீது அவதூறு வழக்கும் தொடரப்பட்டது.

இதைச் சாதிக் கொடுமை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது வேலையிடத்துக் கொடுமையும்கூட. வேலை நேரத்துக்கு வெளியே, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு செயலுக்காக, வேலை தருபவரின் அதிகாரம் தொழிலாளியின் உடம்பின்மீது பாய்ந்தது. அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் ஏதேனும் அப்போது இருந்ததா?

நீடாமங்கலம் இரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தஞ்சை-திருவாரூர் பாதையில் மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. இரயில்வேக்கும் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும் ஊதியம் வழங்கல் சட்டம் 1936-இல் இயற்றப்பட்டு, அதே 1937-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தை இன்ன நாளுக்குள் கொடுக்க வேண்டும், இன்ன காரணத்துக்கன்றிப் பிடிக்கக் கூடாது என்பது அதன் விதி. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இரயில்வே ஊழியருக்குச் சட்டம். அந்தப் பக்கம் வயலில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன் சட்டம் முதலாளி பக்கமே இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது.

மாற்றம் சங்கத்தின் வழியாக வந்தது. தென் கன்னடப் பகுதியிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், 1943 முதல் மன்னார்குடி வட்டாரத்தில் விவசாயிகளையும் பண்ணையாட்களையும் திரட்டினார். முதற்சங்கம் தென்பரை கிராமத்தில் அமைந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது கோரிக்கை. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு அதை ஏற்றது. முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று! மானத்துக்கும் மரக்காலுக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்தவர்கள் அளவியலின் பொருளை நன்கு உணர்ந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1952-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளைக் காரணமின்றி விலக்கத் தடை. தகராறு தீர்க்க அதிகாரிகள். ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களையே அது கட்டுப்படுத்தியது. சிறு நிலக்காரரைப் பெரிய பண்ணையோடு சேர்த்துப் பார்க்காதது நியாயந்தான். வெள்ளமும் வறட்சியும் அவரையும் கடனில்தான் தள்ளின.

ஆனால் சட்டம் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. ‘பண்ணையாள்’ என்பவருக்கே பாதுகாப்பு. ஆகவே பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை விலக்கித் தினக்கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பட்டிருந்தவர் விடுதலையானார், கூடவே நிச்சயமான வேலையையும் இழந்தார். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும் காற்றுப் பையைப் போல!

கூலித் தகராறு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தை விடாமல் நின்ற குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் கணபதியாபிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. இதற்கிடையே 1956-ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் முறை வந்து, மரக்காலின் சட்டத் தகுதியும் போயிற்று. லிட்டருக்கு ஊருக்கொரு அளவு கிடையாது.

பாத்திரம் ஒன்றானது. கூலி ஒன்றானதா? இல்லை. உழவுக்கும் நடவுக்கும் வேறு வேறு கூலி. உழுபவர் ஆண், நடுபவர் பெண். ‘சமவேலைக்குச் சமஊதியம்’ என்பதை நம் அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவு வழிகாட்டு நெறியாக வைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. 1976-இல் சமஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் என்று வேறுபடுத்தக் கூடாது என்றது. இன்று அதன் இடத்தில், 2019-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது.

ஒத்த தன்மையுள்ள வேலை எது? இங்கேதான் சிக்கல். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை என்று வகுப்பறையில் சொல்கிறேன். அந்தச் சூத்திரத்தின்படி, சேற்றில் நாள் முழுதும் குனிந்தே நிற்கும் முதுகு செய்த வேலை ஏறக்குறைய சுழி! ஆயினும் தசைகள் ஓயாமல் சுருங்கி ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. களைப்பு அதற்குச் சாட்சி. சட்டம் கேட்பது திறமை, முயற்சி, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றை. ஏர் பிடிப்பதையும் நாற்று நடுவதையும் இந்த நான்கையும் வைத்து ஒப்பிட்டால் எது தாழ்ந்தது? ஆண்கள் நடவு நடாத ஊரில், ‘அதே வேலைக்கு ஆணுக்கு என்ன கொடுக்கிறாய்?’ என்று கேட்டு வழக்குப் போட ஒப்பீட்டுக்கு ஆளே கிடைப்பதில்லை.