ஆர்.டி.ஏ.: வள விவரிப்பும் அணுகலும்

நூல், இதழ், நிலப்படம், ஒலிவட்டு, மின்னூல் என நூலகத்துக்கு வரும் எதையும் பட்டியலில் எவ்வாறு விவரித்துப் பதிவது என வகுக்கும் பன்னாட்டு நெறி ஆர்.டி.ஏ. 'ரிசோர்ஸ் டிஸ்கிரிப்ஷன் அண்ட் ஆக்சஸ்' என்பது இதன் முழுப்பெயர். ஏஏசிஆர் 2 என்று சுருக்கமாக வழங்கும் ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளுக்கு மாற்றாக 2010 ஜூனில் இணையக் கருவியாக வெளிவந்தது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் இதை முழுமையாகக் கைக்கொண்டது. பட்டியலாக்குநர் கண்ணில் முதலில் படுவன 'ப.' என்பது 'பக்கங்கள்' ஆனது போன்ற சில்லறை மாற்றங்களே. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் நெறி பிடிபடாது. அவை எந்த எண்ணத்திலிருந்து பிறந்தன என்று தெரிந்தால் பாதி விதிகளைத் தாமே ஊகித்துவிடலாம்.

பின்னணி

பட்டியல் விதிகளின் வரலாறு நீண்டது. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தோனியோ பனிட்சி தொகுத்த 91 விதிகள் 1841இல் அச்சாயின. சார்லஸ் கட்டரின் விதிகள் 1876இல் வந்தன. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1934இல் தம் 'கிளாசிஃபைடு கேட்டலாக் கோடு' நூலை வெளியிட்டார். 1961இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு பொதுக் கொள்கைகளை வகுத்தது. அதன் வழியில் 1967இல் ஏஏசிஆர் முதற்பதிப்பும், 1978இல் இரண்டாம் பதிப்பும் வந்தன.

ஏஏசிஆர் 2 அட்டைப் பட்டியலின் காலத்துப் பிள்ளை. கையகல அட்டையில் இடம் குறைவு. அதனால் சுருக்கக்குறிகள், இலத்தீன் தொடர்கள், மூன்று ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் முதல்வரை மட்டும் எழுதும் 'மூவர் விதி' எல்லாம் தேவைப்பட்டன. கணினி வந்த பிறகும் அந்தச் சிக்கனம் தொடர்ந்தது. இணையதளமும் மின்னிதழும் வந்தபோது விதிகள் திணறின. உள்ளடக்கம் ஒரு வகை, அதைத் தாங்கும் பொருள் வேறு வகை என்று பிரித்துப் பார்க்க அவற்றில் வழியில்லை.

1997இல் டொரண்டோவில் கூடிய வல்லுநர்கள் இந்த விதிகளின் எதிர்காலத்தை விவாதித்தனர். மூன்றாம் பதிப்பாகவே திருத்தம் தொடங்கியது. ஆனால் 2004இல் சுற்றுக்கு விட்ட வரைவைப் படித்தவர்கள் ஒட்டுப்போட்டது போதாது என்றனர். 2005இல் பெயரும் அமைப்பும் மாறி ஆர்.டி.ஏ. ஆனது. அதற்கு அடித்தளமாக அமைந்தது பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட எஃப்.ஆர்.பி.ஆர். என்னும் கருத்துப்படிவம்.

நான்கு நிலைகள்

ஒரு வாசகர் 'பொன்னியின் செல்வன் இருக்கிறதா?' என்று கேட்கிறார். அவர் கேட்பது எதை? கல்கி எழுதிய கதையையா, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையா, குறிப்பிட்ட ஒரு பதிப்பகத்தின் ஐந்து பாகங்களையா, அல்லது நேற்று அலமாரியில் பார்த்த அந்தப் படியையா? பேச்சில் இவை அனைத்துக்கும் 'புத்தகம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். எஃப்.ஆர்.பி.ஆர். படிவத்தைப் பின்பற்றி ஆர்.டி.ஏ. இவற்றை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது.

கல்கியின் மனத்தில் உருவாகி, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்தப் புனைவு 'படைப்பு'. அது மொழியிலோ ஒலியிலோ ஓர் உருக்கொள்ளும்போது 'வெளிப்பாடு' ஆகிறது. தமிழ் மூலம் ஒரு வெளிப்பாடு, சி.வி. கார்த்திக் நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொன்று. ஒருவர் வாசித்துப் பதிந்த ஒலிநூல் மற்றொன்று. வெளிப்பாடு அச்சாகியோ வட்டில் ஏறியோ வெளிவரும்போது 'வெளியீடு'. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் இந்த நாவலுக்குப் பதிப்பகந்தோறும் ஒரு வெளியீடு உண்டு. மலிவுப்பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, ஓவியங்களோடு கூடியது என்று அவை பெருகிக்கொண்டே இருக்கின்றன. நூலகத்தின் வரவு எண் குத்தப்பட்டு, முதுகு பிய்ந்து, மூன்றாம் பாகத்தில் பத்துப் பக்கம் காணாமற்போன அந்த ஒன்று 'படி'.

மணிரத்னம் இயக்கி 2022இலும் 2023இலும் வெளிவந்த திரைப்படங்கள் இந்த நான்கில் எதிலும் அடங்கா. அவை தனிப் படைப்புகள். நாவலோடு 'தழுவல்' என்ற உறவால் இணைபவை. மொழிபெயர்த்தால் அதே படைப்பு, தழுவினால் வேறு படைப்பு என்ற இந்தக் கோடு பட்டியலாக்குநருக்கு மிக முக்கியம். சுருக்கப் பதிப்பு எந்தப் பக்கம் விழும், சிறுவர்க்காகத் திருப்பி எழுதியது எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகும். எல்லைக்கோட்டில் நிற்பவை எப்போதும் இருக்கும். அங்கே நூலகம் ஒரு முடிவெடுத்து, எழுதி வைத்து, அதிலிருந்து மாறாமல் நடப்பதே வழி.

பழைய பட்டியலில் ஒவ்வொரு பதிவும் தனித்தனித் தீவு. தலைப்பைத் தட்டினால் ஐம்பது வரி கொட்டும்; எது எதன் மொழிபெயர்ப்பு, எது எதன் மறுபதிப்பு என்று வாசகரே பிரித்தறிய வேண்டும். ஆர்.டி.ஏ. கேட்பது அந்த உறவுகளைப் பதிவிலேயே எழுதும்படி. வாசகர் தேடுவதைக் கண்டறிய, அதுதானா என்று இனங்காண, தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க, கையில் பெற - இந்த நான்கு வேலைகளுக்கும் உதவாத விவரத்துக்குப் பட்டியலில் இடமில்லை என்பது அதன் நிலைப்பாடு. வாசகர் நேரத்தை மிச்சப்படுத்து என்று ரங்கநாதன் 1931லேயே சொன்ன நூலக அறிவியலின் நான்காம் விதியைப் படித்த நமக்கு இது புதுச் செய்தியன்று.

மேசையில் மாறுபவை

'கண்டதை எழுது' என்பது விவரிப்பின் முதல் கட்டளை. தலைப்புப் பக்கத்தில் 'முனைவர்', 'பேராசிரியர்' என்று இருந்தால் பொறுப்புக் கூற்றில் அதையும் எழுதலாம். ஏஏசிஆர் 2 பெரும்பாலும் அவற்றை விடச் சொன்னது. தலைப்பில் அச்சுப்பிழை இருந்தால் நடுவே அடைப்புக்குறி போட்டுத் திருத்தாமல் பிழையோடு எழுதி, சரியான வடிவத்தை மாற்றுத் தலைப்பாகத் தரவேண்டும். பதிவிலுள்ள விவரம் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யத் தக்கதாக இருக்கவேண்டும் என்று ரங்கநாதன் வகுத்த நெறியும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

சுருக்கக்குறிகள் போயின. வெளியீட்டிடம் தெரியாதபோது எழுதிய இலத்தீன் குறி போய், 'வெளியீட்டிடம் அறியப்படவில்லை' என்று முழுதாக எழுதலாம். நூலகம் தனக்கென்று தேர்ந்த மொழியில் இவற்றை எழுத நெறி இடந்தருகிறது. தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்கள் ஆங்கிலத் தொடர்களைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆண்டு விஷயத்தில் தமிழ் நூல்கள் தனிச் சோதனை. 'திருவள்ளுவர் ஆண்டு 2035' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை அப்படியே எழுதி, அடைப்புக்குறியில் 2004 என்று சேர்க்கவேண்டும். 'பார்த்திப வருடம்' என்றிருக்கும் பழைய நூலுக்கு ஒரே விடை கிடையாது. அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1885-86 ஆகலாம், 1945-46உம் ஆகலாம். அச்சகம், தாள், முன்னுரை ஆகியவற்றைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். காப்புரிமை ஆண்டு இனி வெளியீட்டு ஆண்டின் இடத்தில் உட்காராது. பட்டியல் பதிவுகளைக் கணினியில் ஏற்றப் பயன்படும் மார்க் 21 வடிவத்தில் பழைய 260ஆம் புலத்துக்குப் பதிலாக வந்த 264ஆம் புலம், வெளியீடு, வழங்கல், அச்சாக்கம், காப்புரிமை ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது.

மூவர் விதியின் முடிவே பெரிய விடுதலை. ஐவர் சேர்ந்து எழுதிய நூலில் நால்வர் பெயர் பட்டியலில் இல்லாமற்போன அநியாயம் இனித் தேவையில்லை. கட்டாயம் முதல்வர் மட்டுமே. மற்றவர்களைச் சேர்ப்பது நூலகத்தின் விருப்பம். சேர்ப்பதே நல்லது. ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், ஓவியர் என்று அவர் என்ன செய்தார் என்பதையும் குறிக்கலாம்.

'மின்வளம்', 'ஒளிப்பதிவு' என்று தலைப்பை ஒட்டி அடைப்புக்குறியில் வந்த பொருள்வகைக் குறிப்பு நீங்கி, 336, 337, 338 என்ற மூன்று புலங்கள் வந்தன: உள்ளடக்கம் என்ன, அதைக் காணக் கருவி வேண்டுமா, எதில் ஏறியிருக்கிறது. சாதாரண அச்சு நூல் 'எழுத்து, கருவி வேண்டாதது, தொகுதி' என்று ஆகும். கணினி வடிகட்டித் தேட இது அருமையானது. இந்த மூன்று சொல்லையும் வாசகர் திரையில் காட்டுவது மட்டும் வீண், பொதுத்திரையில் மறைத்துவிடலாம்.

பெயர்களில் பழைய ஏற்பாடு பெரிதும் நிலைத்தது. குடும்பப்பெயர் இல்லாத தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களை இயற்பெயரில் தொடங்க வேண்டும். ஷியாளி ராமாமிருத ரங்கநாதன் என்பதில் முதலாவது ஊர் (சீர்காழி), இரண்டாவது தந்தை, மூன்றாவதுதான் அவர். ஆகவே 'ரங்கநாதன், எஸ்.ஆர்.' என்றே பதியவேண்டும். தமிழ்ப்பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எண்ணும் மென்பொருள்கள், முன்னெழுத்தைப் பின்னால் போட்டுக்கொள்பவர் விஷயத்தில் வழுக்கி விழும்; அங்கே மனிதக் கண் வேண்டும்.

எதிர்ப்பும் 2020இன் திருப்பமும்

இந்த நெறி எளிதாக ஏற்கப்படவில்லை. ஏஏசிஆர் 2இன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான மைக்கேல் கோர்மன் 2007இல் இதைப் பேரழிவு என்றே எழுதினார். அதே ஆண்டு காரன் காயிலும் டயேன் ஹில்மனும் நேரெதிர்ப் பக்கமிருந்து தாக்கினார்கள்: மாற்றம் போதவில்லை, இது இன்னும் இருபதாம் நூற்றாண்டு விதிதான் என்பது அவர்கள் வாதம். காங்கிரஸ் நூலகம் அமைத்த பணிக்குழு 2008 ஜனவரியில் பணியை நிறுத்திவைக்கவே பரிந்துரைத்தது. அமெரிக்காவின் மூன்று தேசிய நூலகங்கள் 2010இல் முன்னின்று நடத்திய சோதனைக்குப் பின், 2011 ஜூன் அறிக்கை சில நிபந்தனைகளோடு ஏற்பு அளித்தது. விதிகளைத் தெளிவான மொழியில் திருப்பி எழுதவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மூலத்தைப் படித்தவர் யாரும் அந்த நிபந்தனையோடு சண்டைக்குப் போகமாட்டார்.

மார்க் வடிவத்துக்கு மாற்று வேண்டும் என்பது இன்னொன்று. பிப்ஃபிரேம் என்ற முயற்சி 2011இல் தொடங்கியது. நூலகங்களில் பெரும்பாலானவை இன்றும் மார்க்கில்தான் இருக்கின்றன. உறவுகளை இணைக்கப் பிறந்த நெறி, தனித்தனி அட்டைகளுக்கென வடித்த வடிவத்துக்குள் குடியிருப்பதால் அதன் பலன் பாதியே தெரிகிறது. இதுவே ஆர்.டி.ஏ.மீது வைக்கத்தக்க நியாயமான குறை.

இஃப்லா 2017இல் எல்.ஆர்.எம். என்ற ஒருங்கிணைந்த படிவத்தை வெளியிட்டது. அதற்கேற்ப முழுதும் மாற்றியமைத்த கருவி 2020 டிசம்பர் 15 முதல் அதிகாரபூர்வமானது. அத்தியாய வரிசை மறைந்தது. படைப்பு, நபர் போன்ற 13 உருபொருள்களும் அவற்றின் கூறுகளும் வந்தன. எந்த விவரத்தையும் இயல்பான வாக்கியமாக, ஒழுங்குபடுத்திய வடிவமாக, அடையாள எண்ணாக, அல்லது இணைய முகவரியாகப் பதியலாம். விருப்பத் தேர்வுகள் மலிந்துவிட்டதால், எதைக் கட்டாயமாக்குவது என்று ஒவ்வொரு நூலகமும் தனக்கொரு செயல்முறைக் குறிப்பு வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேடிக்கையான மாற்றமும் ஒன்று உண்டு: முந்தைய ஆர்.டி.ஏ. கற்பனைப் பாத்திரத்தையும் விலங்கையும் ஆசிரியராக ஏற்றது. ஜெரோனிமோ ஸ்டில்டன் என்ற எலி தன் நூல்களுக்குத் தானே ஆசிரியராக இருந்தது. எல்.ஆர்.எம். வந்தபின் மனிதர் மட்டுமே 'நபர்'.

தொடங்குபவருக்கு

கருவிக்கு ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். சிறு நூலகங்களுக்கு இது மெய்யான தடை. ஆனால் கூறுகளும் சொற்பட்டியல்களும் ஆர்.டி.ஏ. பதிவகத் தளத்தில் இலவசம். கோஹா போன்ற இலவச மென்பொருளிலேயே 264, 336, 337, 338 புலங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பழகத் தொடங்கலாம்.

பழைய பதிவுகளை எல்லாம் திருப்பி எழுத உட்கார வேண்டாம். பெரிய நூலகங்களும் அப்படிச் செய்யவில்லை. இருவகைப் பதிவும் ஒரே பட்டியலில் அருகருகே வாழ்கின்றன. ஒரு பதிவு ஆர்.டி.ஏ. முறைப்படி அமைந்தது என்பதைக் காட்டுவது 040ஆம் புலத்தில் இடும் விதிக்குறி. இரண்டு மூன்று புலங்களைச் சேர்த்துவிட்டு அந்தக் குறியை இடாதீர்கள். பிற நூலகங்கள் அதை நம்பித்தான் பதிவை நகலெடுக்கும்.