இருபது மில்லிகிராம் சூது
(தொடர் – அத்தியாயம் 14)

சென்ற வாரம் ஸ்டாக்ஹோமில் நின்றோம். 2018-இல் டாசுகு ஹோன்ஜோவும் ஜேம்ஸ் அலிசனும் நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய் மீது ஏவிவிடும் மருந்துகள் கடைக்கும் வந்துவிட்டன. விலையைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இந்த வாரம் சென்னையை அடுத்த திருவேற்காடு. கருமாரியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் வேதபுரீஸ்வரர் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிறார்களோ! அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது. அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்தவர், பிறகு சூதாடக் கிளம்பினார். முதல் ஆட்டம் தோற்பார், அடுத்தடுத்து ஜெயிப்பார். ஜெயித்த பணத்தைத் தான் தீண்டாமல் சமையற்காரரிடம் சேர்த்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவார். கைப்பணம் கொஞ்சம், பந்தியோ நீளம். இதே கணக்கைத்தான் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையும் போட வேண்டி வந்தது.

மருந்து, நிவோலுமாப். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு அங்கீகாரம் பெற்ற இத்தகைய சிகிச்சைகள் நம்மைப் போன்ற நாடுகளில் நூற்றுக்கு ஒருவருக்கோ மூவருக்கோதான் எட்டின. மற்றவர்களுக்கு டாடா மருத்துவர்கள் கொடுத்து வந்தது மூன்று மாத்திரை: வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் செலிகாக்சிப், எர்லோடினிப்.

2010-இல் ஜூலி பிராமர் குழு வெளியிட்ட முதற்கட்ட ஆய்வில் ஒரு சங்கதி இருந்தது. எதிர்ப்புச் சக்தியின் சிப்பாயான டி செல்லுக்குப் பிரேக் பிடி-1; அதை நிவோலுமாப் அடைத்துக்கொள்கிறது. எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலே பெரும்பகுதி அடைபட்டு, இரண்டு மாதத்துக்கும் மேல் அப்படியே இருந்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தும் பெரிதாகக் கூடவில்லை. அறுபது கிலோ ஆளுக்கு 0.3 என்றால் 18 மில்லிகிராம்!

டாடாவின் விஜய் பாட்டீல், வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் குழு தேர்ந்தெடுத்த அளவு 20 மில்லிகிராம். அதுவும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆறு வாரத்தில் 720 போக வேண்டிய இடத்தில் 40. பதினெட்டில் ஒரு பங்கு. மருந்து விலை ஒரு பைசா இறங்கவில்லை. செலவு மட்டும் சரிந்தது. ஒரு வருட ஆயுளுக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்ப்பவர்கள் விலைப்பட்டியலையே முறைத்துக்கொண்டிருக்க, இவர்கள் கை வைத்தது அளவில். துணிச்சல்தான்.

சேர்ந்தவர்கள் 151 பேர். பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு மாத்திரையோடு அந்த 20. 2022-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், 20 சேர்ந்தவர்களில் 43.4. இடைநிலை ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 ஆனது. மூன்று மாதச் சொச்சம்தானே என்பவர்கள் அந்த வீடுகளில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் 20-ஐயும் 240-ஐயும் அந்த ஆய்வு நேருக்கு நேர் மோதவிடவில்லை. முழு அளவு கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்களா?

அதைவிட அவசரமான சிக்கல் ஊசி போடும் அறையில் காத்திருந்தது. நிவோலுமாபின் சிறிய குப்பியே 40 மில்லிகிராம். அதில் 4 மில்லிலிட்டர். இருபதுக்கு வேண்டியது 2. முதல் நோயாளிக்கு எடுத்தாயிற்று. மூடி துளைபட்ட குப்பியை நாள்கணக்கில் வைக்க முடியாது. அதே நாளில் வர வேண்டிய இரண்டாமவரின் நாற்காலி மதியம் வரை காலியாகவே கிடக்கிறது...

(தொடரும்)