சோழவரம் ஓடுதளத்தின் கணக்கு

அம்பத்தூர்ல இருந்து புழல் ஏரியைச் சுத்தி, செங்குன்றம் தாண்டிப் போனா சோழவரம். ஏரியை எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு விமான ஓடுதளமும் உண்டுன்னு சொன்னா நம்ம வயசுல பாதிப் பேர் நம்ப மாட்டாங்க.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தளம் அது. 1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்துல குண்டு போட்ட சமயம், மெட்ராஸ்ல இருந்து ஜனங்க மூட்டை கட்டிட்டுக் கிளம்பினாங்க. போர் முடிஞ்சது, தளம் மட்டும் மிச்சம்.

பயணிகள் விமானமும் ராணுவமும் போக மீதிதான் ஜெனரல் ஏவியேஷன்: ஃபிளையிங் கிளப், பயிற்சி, சொந்த விமானம். இதால மாநிலத்துக்கு என்ன வருமானம்னு டிக்கெட் கணக்குல தேடினா கிடைக்காது. ஜே.ஆர்.டி. டாடா 1929ல பைலட் லைசென்ஸ் வாங்கினது பம்பாய் ஃபிளையிங் கிளப்ல கத்துக்கிட்டுத்தான். 1932 அக்டோபர் 15 அன்னைக்கு ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானத்துல கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மறுநாள் மெட்ராஸ் சேர்த்தார். ஏர் இந்தியாவோட ஆரம்பம் இதுதான்.

சோழவரத்துல நடந்தது இன்னும் விசித்திரம். 1950கள்ல இருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்துலயே கார், பைக் ரேஸ் நடத்துச்சு. ரோட்டுல ஓடுற வண்டியைப் பிரிச்சு, இன்ஜினைத் திருத்தி, முழு வேகத்துல விட்டுப் பார்க்க மெக்கானிக்குகளுக்கு நேரான, அகலமான ஒரு இடம் கிடைச்சுது. நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் என்விரான்மென்ட். 1990ல பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில கிளப்போட சொந்த டிராக் வந்துச்சு. அதே ஊர்ல ஹூண்டாய் 1998ல கார் தயாரிக்க ஆரம்பிச்சது. டிராக்கைப் பார்த்து ஹூண்டாய் வந்ததுன்னு கதை விட மாட்டேன். துறைமுகமும் உதிரிபாகக் கம்பெனிகளும் இங்கே ஏற்கெனவே இருந்தது. ஆனா வண்டியைத் தெரிஞ்ச கைகள் உருவான இடங்கள்ல சோழவரமும் ஒண்ணு. அந்த வரவு விமானத் துறைக் கணக்குல ஒரு ரூபாயாக்கூட ஏறல.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். அந்த எரிபொருள் காசு, மெக்கானிக் சம்பளம், ஹாஸ்டல் சாப்பாட்டுச் செலவு எல்லாம் தளம் இருக்கற ஊருக்குத்தான் போகும். செஸ்னா 172 மாதிரி நாலு சீட் விமானத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுதளமே தாராளம். சதுர அடிக் கணக்குல மனை விக்கற நம்ம பக்கத்துல, அந்த ஒரு கிலோமீட்டரைச் சும்மா கிடக்கற நிலம்னு நினைக்கறவங்கதான் ஜாஸ்தி.