தென்னாப்பிரிக்காவின் அணு ஆயுதத் துறப்பு

தென்னாப்பிரிக்கா தானே உருவாக்கிய அணுகுண்டுகளை 1990-91இல் பிரித்துக் கலைத்தது. 1991 ஜூலை 10 அன்று அணு ஆயுதமற்ற நாடாக அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சோவியத் ஒன்றியம் சிதறியபோது தம் மண்ணில் தங்கிவிட்ட ஆயுதங்களை உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் ஆகியவை ரஷ்யாவிடம் ஒப்படைத்தன. சொந்தமாகச் செய்த குண்டுகளை முழுமையாகக் கைவிட்ட நாடு தென்னாப்பிரிக்கா ஒன்றே.

தோற்றம்

யுரேனிய வளம் மிக்க இந்நாட்டின் அணு ஆய்வு மையம் பிரிட்டோரியாவுக்கு அருகே பெலிண்டாபாவில் அமைந்தது. பக்கத்திலேயே வலிண்டாபாவில் செறிவூட்டல் ஆலை எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் சுரங்கம் முதலிய அமைதிப் பணிகளுக்கான அணு வெடிப்பு ஆய்வு என்றே திட்டம் தொடங்கியது. 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றன. கியூபப் படைகள் அங்கோலாவில் இறங்கின. நிறவெறி ஆட்சி தான் சூழப்பட்டுவிட்டதாக அஞ்சியது, திட்டமும் ஆயுதத்தை நோக்கித் திரும்பியது. கலஹாரிப் பாலைவனத்தின் வாஸ்ட்ராப் தளத்தில் நடந்த சோதனை ஏற்பாடுகளை 1977 ஆகஸ்டில் சோவியத் செயற்கைக்கோள் கண்டறிந்தது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் நெருக்குதலால் சோதனை நிறுத்தப்பட்டது.

தடுப்புக் கோட்பாடு

பி. டபிள்யூ. போத்தாவின் அரசு மூன்று கட்ட உத்தியை வகுத்தது. முதற்கட்டத்தில், குண்டு இருப்பதாக ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இருக்க வேண்டும். ஆபத்து நெருங்கினால் அமெரிக்கா போன்ற நாடுகளிடம் மட்டும் மறைவாகத் தெரிவிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வெளிப்படையாக அறிவிக்கவோ நிலத்தடியில் வெடித்துக் காட்டவோ வேண்டும். எதிரியின் நகரத்தை அழிப்பதைவிட, மேற்கு நாடுகளைத் தன் உதவிக்கு இழுப்பதே இதன் நோக்கம். ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு ஆயுத நிறுவனம் ஆறு குண்டுகளைச் செய்து முடித்தது, ஏழாவது முற்றுப்பெறவில்லை. ஹிரோஷிமா குண்டைப் போலவே, செறிவூட்டிய யுரேனியத் துண்டு ஒன்றை மற்றொன்றின் மீது சுட்டு இணைக்கும் எளிய அமைப்பு இவற்றுக்கு இருந்தது.

கலைப்பு

1988 டிசம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான உடன்பாட்டின்படி கியூபப் படைகள் அங்கோலாவிலிருந்து வெளியேறத் தொடங்கின. தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த நமீபியா 1990இல் விடுதலை பெற்றது. பனிப்போரும் ஓய்ந்தது. 1989 செப்டம்பரில் குடியரசுத் தலைவரான எஃப். டபிள்யூ. டி கிளார்க், 1990 பிப்ரவரியில் திட்டத்தைக் கலைக்க ஆணையிட்டார். குண்டுகள் பிரிக்கப்பட்டன, யுரேனியம் உருக்கப்பட்டுப் பெலிண்டாபாவுக்குத் திரும்பியது, வடிவமைப்பு ஆவணங்கள் அழிக்கப்பட்டன. 1993 மார்ச் 24 அன்று டி கிளார்க் நாடாளுமன்றத்தில் அறிவித்த பிறகே மக்களுக்கு இது தெரியவந்தது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஆலையின் உற்பத்திப் பதிவேடுகளையும் கையிருப்பையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். வாஸ்ட்ராப்பின் சோதனைக் குழிகள் மூடப்பட்டன.

அச்சம் தணிந்ததோடு, உலக நாடுகளின் ஒதுக்கலிலிருந்து மீளும் விருப்பமும் இம்முடிவுக்குக் காரணம். வரவிருந்த கறுப்பினப் பெரும்பான்மை அரசின் கையில் குண்டு சேரக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பிந்தைய நிலைப்பாடு

1994இல் நெல்சன் மண்டேலாவின் தலைமையில் ஆட்சிக்கு வந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் இத்துறப்பை வெளியுறவுக் கொள்கையின் அடித்தளமாக்கியது. 1996இல் கெய்ரோவில் கையெழுத்தாகி 2009இல் நடைமுறைக்கு வந்த, ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் ஒப்பந்தம், பெலிண்டாபாவின் பெயரையே தாங்குகிறது. 1998இல் அயர்லாந்து, பிரேசில், நியூசிலாந்து முதலியவற்றோடு தென்னாப்பிரிக்காவும் அணு ஆயுத ஒழிப்பை வலியுறுத்தும் புதிய செயல்திட்டக் கூட்டணியை அமைத்தது. 2017இல் 122 நாடுகளின் வாக்குகளுடன் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை 2019இல் ஏற்புறுதி செய்தது. அது 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. அதே வேளையில், அணுசக்தியை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்தும் உரிமையைத் தென்னாப்பிரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. கேப்டவுனுக்கு அருகே கூபெர்க் அணுமின் நிலையம் இயங்குகிறது.

முக்கியத்துவம்

குண்டுகளைக் கலைப்பதும், கலைத்ததை வெளியார் சரிபார்ப்பதும் நடைமுறையில் இயலும் என்பதற்கு இதுவே வலுவான சான்று. ஆனால் அதற்கு முன்பே அண்டைநாட்டுப் போர் முடிந்திருந்தது, ஆட்சியும் மாறத் தயாராகியிருந்தது. ஆயுதக் குறைப்புப் பேச்சு பலிக்க வேண்டுமானால், நாடுகளைக் குண்டை நோக்கித் தள்ளும் பகைமையைத் தீர்க்கும் பேச்சும் உடன் நடக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.