லிட்டில் டெசர்ட்: ஏளனமே காவலாயிருந்த காடு

மெல்போர்ன் நகரிலிருந்து அடிலெய்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், டிம்பூலா, நில் ஆகிய இரு ஊர்களுக்கிடையே கியாட்டா என்னும் சிற்றூர் இருக்கிறது. ('நில்' என்பது தமிழர் காதுக்கு வேடிக்கையான ஊர்ப்பெயர்தான்.) கியாட்டாவிலிருந்து தெற்கே சுமார் 6 மைல் சென்றால் கோதுமை வயல்கள் மறைந்து, மணலும் புதர்க்காடும் தொடங்கும். இதுவே விக்டோரியா மாநிலத்தின் 'லிட்டில் டெசர்ட்', அதாவது சிறு பாலை.

பெயரை நம்பிச் செல்வோர் ஏமாறுவர். ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் பாலையாகுமா? வசந்த காலத்தில் தரையெங்கும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. ஏர் பூட்ட உதவாத மண் என்பதால் குடியேறிகள் அதைப் பாலை என்று தள்ளிவிட்டனர். அந்த ஏளனமே பல்லாண்டுகள் அக்காட்டிற்குக் காவலாயிற்று.

இங்கு வாழும் லோவன் என்னும் பறவை முட்டையின்மீது அமர்ந்து அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் குவித்து மேடாக்கி, அதனுள் முட்டைகளைப் புதைக்கிறது. சருகு மக்கும் சூடும் வெயிலும் முட்டைகளைப் பொரிக்கின்றன. ஆண் பறவை அலகினால் வெப்பத்தைச் சோதித்து, மணலைச் சேர்த்தும் விலக்கியும் ஏறக்குறைய 33 டிகிரியில் நிறுத்துகிறது. குஞ்சோ தானே மண்ணைக் கிளறி வெளிவந்து, தாய் தந்தையரைக் காணாமலே பிழைக்கிறது. நமது சபா மாநிலத் தீவுகளிலும் இப்பறவைக்கு ஓர் உறவினம் உண்டு. லோவனுக்காக 1955-ல் கியாட்டா அருகே ஒரு சிறு சரணாலயம் ஒதுக்கப்பட்டது.

இதற்கிடையில் விஞ்ஞானம் குறுக்கிட்டது. அண்டை மாநிலமான தென் ஆஸ்திரேலியாவில் இத்தகைய மண்ணுக்குத் துத்தநாகமும் தாமிரமும் சிறிதளவு இட்டால் பயிர் விளையும் என்று கண்டறிந்தனர். பாலைக்கு உடனே விலை வந்துவிட்டது! 1968-ல் விக்டோரியாவின் நிலத்துறை மந்திரி சர் வில்லியம் மெக்டொனால்ட், லிட்டில் டெசர்ட்டைப் பண்ணைகளாகப் பிரிக்க முனைந்தார். இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தது வியப்பன்று. பொருளாதார நிபுணர்களும் எதிர்த்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. நாட்டில் கோதுமை விற்காமல் தேங்கி, 1969-ல் கொள்முதலுக்கே அளவு விதிக்க நேர்ந்திருந்தது. அப்படியிருக்கப் புதிய பண்ணைகள் எதற்கு? மெல்போர்ன் மக்களும் குரலெழுப்பவே, திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. 1970 தேர்தலில் மந்திரி தமது தொகுதியையும் இழந்தார். பொது நிலங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்று ஆராய்ந்து கூற ஒரு தனி மன்றமும் அமைந்தது. 1969-ல் ஏறத்தாழ 35,000 ஹெக்டேராக விரிந்த தேசியப் பூங்கா, 1988-ல் 132,000 ஹெக்டேரைத் தாண்டியது.

ஆனால் வெள்ளையர் வருமுன்பே இது வொட்ஜோபாலுக் மக்களின் மண். அவர்களும் அவர்களைச் சார்ந்த குலத்தாரும் பூங்காவின் கிழக்கெல்லையை ஒட்டியோடும் விம்மெரா ஆற்றோரத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் கொண்ட பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2005-ல்தான்.

2025 ஜனவரி இறுதியில் மின்னலால் மூண்ட தீ பூங்காவில் 65,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. புதர்கள் விரைவில் தளிர்க்கும். லோவன் மேடு கட்டப் போதிய சருகு சேர்வதற்கோ பல ஆண்டுகள் வேண்டும்.